இது அம்மை இல்லை, பரு

14-6-76, திங்கள்

காலையில் ரவிக்கைக்கு அளவு கொடுக்க வந்த மேலத்தெருக்காரி என் கண்ணைப் பார்த்துப் பேசவில்லை. இடது கன்னத்தைப் பார்த்துப் பேசினாள். கழுத்து இறக்கம் வேண்டும், கை முழங்கைக்கு மேலே நாலு விரல் நிற்க வேண்டும் என்று எல்லாவற்றையும் கன்னத்திடமே சொல்லிவிட்டுப் போனாள். எனக்கும் கண் இருக்கிறது. அவளுக்கு ஒரு தோள் ஏறி ஒரு தோள் இறங்கியிருக்கிறது. நான் அதைச் சொல்லிக் காட்டவில்லை. தையலில் சரி பண்ணிவிடுவேன்.

பதினாலு வயதில் வந்தபோது, வயசுப் பரு, தானாகப் போய்விடும் என்றார்கள். பத்தொன்பதில், கல்யாணமானால் போய்விடும். ஆனது. பிள்ளை பெற்றால் போய்விடும். இரண்டு பெற்றேன். இப்போது முப்பத்தொரு வயது. தாடையில் மூன்று, கன்னத்தில் இரண்டு, நெற்றியில் புதிதாக ஒன்று குடிவந்திருக்கிறது. இனி பேரன் எடுத்தால் போய்விடும் என்பார்களாக்கும்.

20-6-76, ஞாயிறு

அம்மா சிலமலையிலிருந்து வந்திருந்தாள். தம்பி வெள்ளைத்துரைக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. பெண்ணுக்கு ஊர் கோம்பை. பெயர் வீரலட்சுமி. செப்டம்பர் ஐந்து, ஞாயிற்றுக்கிழமை, இங்கே போடியில் மண்டபம். எனக்குத் தலைகால் புரியவில்லை. பெண்ணுக்கு ரவிக்கை முழுவதும் நானே தைக்கிறேன் என்றேன். அதற்கு உடனே சரி என்றாள்.

பிறகு காப்பித் தம்ளரைக் கீழே வைத்துவிட்டு, சேலை நுனியைத் திருகிக்கொண்டே சொன்னாள்.

"போட்டோ எடுக்கிறாக, பொன்னு. கோம்பைக்காரக கொஞ்சம் நாகரிகமான ஆளுக. நாத்தனா முடிச்ச நம்ம சுருளியம்மா போட்டுறட்டும். அவளுந்தான தங்கச்சி முறை."

சுருளியம்மாள் சித்தி மகள். பால் நிறம். முகத்தில் ஒரு புள்ளி கிடையாது. நல்ல பிள்ளைதான், அவளைக் குறை சொல்லவில்லை. ஆனால் வெள்ளைத்துரையின் கூடப் பிறந்தவள் நான் ஒருத்திதானே? தம்பி தாலியை எடுத்து முதல் முடிச்சுப் போட்டதும் பின்னால் நின்று மற்ற இரண்டு முடிச்சையும் போட வேண்டியவள் அக்காள். என் கல்யாணத்தில் அவர் அக்காள் போட்டாள். அதை ஒருவர் பங்கு பிரித்துக் கொடுக்க முடியுமா?

நான் கத்தவில்லை. ஏன் என்று மட்டும் கேட்டேன். என் முகத்தைப் பார்த்தாள், பிறகு பார்க்காமல் இருந்தாள். "கலியாணத்துக்குள்ள முகம் தெளிஞ்சிருச்சுன்னா நீயே போடு. யாரு வேணாங்கிறா" என்றாள்.

சரி. தெளியவைத்துக் காட்டுகிறேன்.

21-6-76

சந்தனம். பன்னீரில் உரசி.

26-6-76, சனி

அவர் மலையிலிருந்து இறங்கி வந்தார். ஏலத்தோட்டத்தில் காய் உலர்த்தும் ஸ்டோரில் வேலை, சனி இரவு வந்தால் ஞாயிறு மதியம் ஜீப்பில் ஏறிவிடுவார். என் முகத்தில் சந்தனத்தைப் பார்த்துவிட்டு யார் வீட்டில் விசேஷம் என்று கேட்டார். விஷயத்தைச் சொன்னேன். பரு எங்கே இருக்கிறது என்கிறார்! விளக்கைக் கிட்டக் கொண்டுவந்து காட்டினேன்.

"இது நான் கட்டுன அன்னைக்கே இருந்துச்சே" என்றார்.

இதற்குக் கோபப்படுவதா சந்தோஷப்படுவதா என்று தெரியாமல் சோற்றைப் போட்டேன்.

7-7-76, புதன்

தெருவே வைத்தியர் ஆகிவிட்டது. நான் ஒருத்தியிடம் கேட்டேன், எட்டுப் பேர் சொல்கிறார்கள்.

சங்கை உரசித் தடவு. ஜாதிக்காயைப் பாலில் இழைத்துப் போடு. திருநீற்றுப் பச்சிலையைக் கசக்கிச் சாறு விடு. குப்பைமேனியும் கஸ்தூரி மஞ்சளும். தலைக்கு நல்லெண்ணெய் வைக்காதே. தலைக்கு நல்லெண்ணெய் வைக்காததால்தான் இந்தச் சூடு. மாம்பழம் தின்னாதே, கடலை தின்னாதே, கருவாட்டை வாசம்கூடப் பிடிக்காதே. பக்கத்து வீட்டுப் பாண்டியம்மாள் காலையில் எழுந்ததும் பல் துலக்காமல் எச்சிலைத் தொட்டு வைக்கச் சொன்னாள். அதையும் செய்தேன். யாரிடம் சொல்லப் போகிறேன், இந்த நோட்டிடம்தானே.

சங்கு கொஞ்சம் கேட்கிறது. இரண்டு அமுங்கியது. மூன்று புதிதாக வந்தது.

11-7-76

மஞ்சள் போகமாட்டேன் என்கிறது. துணி வாங்கப் போன இடத்தில் கடைக்காரர், "யாருக்கும்மா மஞ்சத்தண்ணி?" என்று கேட்டார். எனக்குத்தான் என்றேன். அவர் அவசரமாகத் துணியை அளக்க ஆரம்பித்தார்.

24-7-76, சனி

பெண்ணின் அளவு ரவிக்கை கோம்பையிலிருந்து வந்தது. நல்ல ஒடிசலான பெண் போலிருக்கிறது. அக்குள் பக்கம் பிரித்துப் பிரித்துத் தைத்த பழைய ரவிக்கை. கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். இவள் கழுத்தில்தான் நான் முடிச்சுப் போட வேண்டும்.

ஏலக்காய் பொறுக்கப் போகும் ஆயம்மாள் தைத்த பாவாடையை வாங்க வந்தவள், என்னைத் தேற்றுவதாக நினைத்து, பூச்சி அரித்துச் சொறி விழுந்த காயிலும் உள்ளே விதை மணக்கத்தான் செய்யும் என்றாள். எனக்குச் சுர்ரென்று ஏறியது. நான் என்ன காயா, உடைத்து மோந்து பார்க்க? சொறிக்காயைத் தனியாக ஒதுக்கி மட்ட விலைக்குத் தள்ளுவதும் நீங்கள்தானே என்று கேட்டுவிட்டேன். பாவம், திகைத்துப் போய்விட்டாள். நல்ல எண்ணத்தில்தான் சொன்னாள். ஆனாலும் கேட்டது கேட்டதுதான்.

1-8-76

ஒன்றும் கேட்கவில்லை. வேப்பிலை, பூண்டு, மோர், எதுவும். கண்ணாடியைத் திருப்பி வைத்தேன். தைக்க வருகிறவர்களுக்கு வேண்டுமே என்று திரும்பவும் நேராக வைத்தேன்.

15-8-76, ஞாயிறு

பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு மலைக்குப் போய்வந்தேன். முதல் பறிப்பு ஆரம்பித்துவிட்டதால் அவரால் இறங்க முடியவில்லை. ஜீப்பில் பதினாறு பேர். கணவாய் மெட்டுக்கு மேலே ஏறி, குளிர் முகத்தில் பட்டதும் எரிச்சல் எல்லாம் அடங்கியது. அங்கேயே இருந்துவிடலாம் போலிருந்தது.

ஸ்டோரில் ஒன்று பார்த்தேன். பறித்து வந்த காயைத் தொட்டியில் கொட்டி ஊறப்போடுகிறார்கள். சலவைச் சோடா கரைத்த தண்ணீர். கொஞ்ச நேரம்தான். மண், கறை, சருகு ஒட்டியது எல்லாம் போய், காய் பச்சைப் பசேல் என்று வெளியே வருகிறது. பிறகு சூட்டில் காய்ந்தாலும் நிறம் போகாது என்று அவர் பிள்ளைகளுக்கு விளக்கிக்கொண்டிருந்தார். நான் தொட்டியையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

வரும்போது ஒரு பிடி சோடாவைத் தாளில் மடித்து எடுத்துவந்திருக்கிறேன். அவருக்குத் தெரியாது.

20-8-76, வெள்ளி

போட்டேன்.

யாரும் சொல்லவில்லை. என் சொந்த மூளை. காய்க்குச் செய்தால் தோலுக்கும் செய்யாதா? துணியை நனைத்து முகத்தில் போட்டுக்கொண்டு படுத்தேன். முதலில் குறுகுறு என்று இருந்தது. வேலை செய்கிறது என்று நினைத்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் பொறுத்தேன். பொறுத்தார் பூமி ஆள்வாராம்.

21-8-76, சனி

முகம் தக்காளி. எலுமிச்சம்பழம் தேய்த்தால் காரம் முறியும் என்று அதையும் தேய்த்தேன். ஐயோ.

அவர் இரவு வந்து பார்த்துப் பதறிப்போனார். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். பிறகு, "காய ஊறப்போட்டா அப்புறம் சூட்டுல போட்டுக் காய வைக்கணும். நீ எங்க போயிக் காயப் போற?" என்றார். சிரிப்பு வந்தது. சிரித்தால் கன்னம் வெடிக்கிற மாதிரி வலி. தேங்காய் எண்ணெயைத் தொட்டுத் தொட்டு அவரே தடவிவிட்டார்.

23-8-76, திங்கள்

முகம் முழுக்கக் கொப்புளம். நெற்றியிலிருந்து தாடை வரை. இடையில் என் பழைய பருக்கள் வேறு, எது எது என்று எனக்கே தெரியவில்லை. நேற்று மதியம் போக வேண்டியவர், போக மனசில்லாமல் தங்கி, இன்று அதிகாலையில்தான் மலைக்குப் போனார்.

தண்ணீர் எடுக்கத் தலையில் முக்காடு போட்டுக்கொண்டு போனேன். பாண்டியம்மாள் பார்த்துவிட்டாள். குடத்தை அப்படியே வைத்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். நான் ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள் அவள் வீட்டுக்குள் போய்விட்டாள்.

24-8-76, செவ்வாய்

காலையில் கதவைத் திறந்தால் நிலையில் வேப்பிலைக் கொத்து. வாசலில் மஞ்சள் தண்ணீர். பாண்டியம்மாள் வேலைதான். ஆத்தா இறங்கியிருக்கிறாளாம். நேரே போய், இது ஆத்தா இல்லை, சோடா என்றேன். அவள் தெருவோரமாக ஒதுங்கி நின்று, என்னைப் பார்த்துக் கும்பிடுகிறாள்! "எங்கள ஒன்னும் செய்யாம எறங்கிரு தாயே" என்கிறாள். என்னிடம்!

வேப்பிலையை அவிழ்க்கக் கை வரவில்லை. மாரியாத்தா பெயரைச் சொல்லிக் கட்டியதை எப்படிப் பிய்த்துப் போடுவது? பாண்டியம்மாள் மேல் இருக்கிற கோபத்தை ஆத்தா மேல் காட்ட முடியுமா?

இன்று ஒருத்தரும் துணி எடுத்து வரவில்லை. தைத்து முடித்த ஏழு ரவிக்கை கொடியில் தொங்குகிறது. வாங்க ஆள் இல்லை. பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்திலிருந்து திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

25-8-76, புதன்

அம்மா வந்தாள். வீட்டுக்குள் வரவில்லை. எதிர்ச் சிறகு வீட்டு வரிசையில், தந்திக் கம்பத்தை ஒட்டி நின்றாள். கல்யாண வீட்டு ஆள் அம்மை வீட்டுப் படி ஏறக்கூடாது. நான் வாசலில் நின்றேன். நடுவில் தெரு. மாட்டு வண்டி ஒன்று போனது, அது போகும் வரை காத்திருந்து பேசினோம்.

சோடா என்று சொன்னேன். நம்பவில்லை. கோம்பைக்குச் சேதி போய்விட்டதாம், பெண்ணின் அப்பா முகூர்த்தத்தைத் தள்ளிவைக்கலாமா என்று ஆள் விட்டுக் கேட்டிருக்கிறார். அம்மா அழுதாள். தள்ளி வைக்க வேண்டாம், மகள் வரமாட்டாள் என்று சொல்லி அனுப்பிவிட்டாளாம்.

அதாவது முடிச்சு மட்டும் இல்லை, கல்யாணமே எனக்குக் கிடையாது. என் தம்பி கல்யாணம். அவன் பிறந்தபோது எனக்கு ஆறு வயது, இடுப்பிலே தூக்கிச் சுமந்து ஒரு பக்கம் கோணிப்போனவள் நான்.

போகும்போது ஒரு துணிப் பையை நடுத்தெருவில் வைத்துவிட்டுப் போனாள். நுங்கும் இளநீரும். எனக்குக் குளிர்ச்சியாம். எடுத்துவந்து மூன்று பேரும் தின்றோம். நன்றாகத்தான் இருந்தது. அதுவும் ஆத்திரமாக வந்தது.

27-8-76, வெள்ளி

இன்று நடந்ததை ஒழுங்காக எழுத வேண்டும்.

பதினோரு மணிக்கு ஜீப் வந்து வாசலில் நின்றது. மேலே ஒலிபெருக்கி கட்டிய ஜீப். உள்ளேயிருந்து ஒரு சுகாதார இன்ஸ்பெக்டரும் அம்மை குத்துகிறவரும் இறங்கினார்கள். பெரியம்மை கண்டு சொன்னவருக்குச் சர்க்கார் சன்மானம் கொடுக்கிறது என்று பஸ் ஸ்டாண்டுச் சுவரில் எழுதியிருக்கிறது அல்லவா? அதைப் படித்துவிட்டுப் போய் எழுதி வைத்திருக்கிறார் ஒரு புண்ணியவான். யார்? பாண்டியம்மாள் புருஷன் உக்கிரபாண்டி. பெண்டாட்டி வாசலில் கும்பிடுகிறாள், புருஷன் ஆபீசில் போய் விற்கிறான்.

இன்ஸ்பெக்டர் சின்ன வயசுதான். பையிலிருந்து ஒரு அட்டையை எடுத்தார். அதில் வைசூரி போட்ட குழந்தை முகம். அதை என் கன்னத்துக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு ஒன்றைப் பார்க்கிறார், மற்றதைப் பார்க்கிறார். நான் நூல் கடையில் நிறம் பொருத்திப் பார்ப்பேனே, அப்படி. ஜன்னலில் பதினைந்து தலை. எனக்கு வெட்கம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. கோபம்தான் வந்தது. நன்றாகப் பாருங்கள் என்று வெளிச்சத்துக்குத் திரும்பி நின்றேன்.

உள்ளங்கையைக் காட்டச் சொன்னார். காட்டினேன். உள்ளங்காலையும். கையில் தையல் ஊசி குத்திய தழும்பு மட்டும்தான். காய்ச்சல் வந்ததா என்றார். இல்லை. முகத்தில் என்ன போட்டீர்கள் என்றார். ஏலக்காய் ஊறப்போடுகிற சோடாவும் எலுமிச்சம்பழமும் என்றேன். ஏன் என்றார். "பரு" என்றேன்.

அட்டையை மடித்துப் பைக்குள் போட்டார். சிரிக்காமல் இருக்க அவர் பட்ட பாட்டைப் பார்க்க வேண்டும். வெறும் தண்ணீரில் கழுவிவிட்டு ஒன்றும் போடாமல் விடுங்கள், ஆறிவிடும் என்றார். ஜீப்பில் ஏறப் போனார்.

நான் வழியை மறித்து நின்றேன். எங்கேயிருந்து அந்தத் தைரியம் வந்தது, தெரியவில்லை.

"சார், எனக்குச் சொல்லிட்டுப் போனா ஆச்சா? நான் சொன்னா ஒருத்தரும் நம்ப மாட்டேங்கிறாக. தெருவுக்குச் சொல்லிட்டுப் போங்க. மேல மைக்கு இருக்குல்ல."

அவர் தயங்கினார். உங்கள் பெயர் வேண்டாமே என்றார். பெயரோடு சொல்லுங்கள் என்றேன்.

சொன்னார். ஜீப் மெதுவாக நகர, போடி முழுக்கக் கேட்கிற மாதிரி: "பொதுமக்கள் கவனத்துக்கு. தையற்காரர் பொன்னுமணி அம்மாளுக்கு வந்திருப்பது அம்மை அல்ல. அம்மை அல்ல. அது முகப்பரு. பொதுமக்கள் பயப்பட வேண்டாம்." தெருமுனையில் திரும்பி அடுத்த தெருவிலும் சொன்னார். சந்தைப் பக்கமும் சொன்னதாகக் கேள்வி. மூன்று தடவை முகப்பரு, முகப்பரு, முகப்பரு என்று.

பதினேழு வருஷமாகச் சேலை நுனியால் மூடிக்கொண்டு திரிந்ததை ஒலிபெருக்கி வைத்துச் சொல்லியாயிற்று. வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழலாம் என்று உட்கார்ந்தேன். அழுகை வரவில்லை. பசித்தது. சுட்ட கருவாடும் கஞ்சியும் சாப்பிட்டேன். கருவாடு தின்று இரண்டு மாசம் ஆகிறது.

28-8-76

பாண்டியம்மாள் தானே வந்து வேப்பிலையை அவிழ்த்துப்போனாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. உக்கிரபாண்டி வாசலில் பீடி குடித்துக்கொண்டிருந்தார். "அண்ணே, பணம் வந்துருச்சா?" என்று கேட்டேன். பீடி அணைந்துவிட்டது.

ஏழு ரவிக்கையும் சாயங்காலத்துக்குள் போய்விட்டது.

30-8-76, திங்கள்

சிலமலைக்கு நானே போனேன். பஸ்ஸில் எல்லாரும் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். கொப்புளம் அமுங்கித் தோல் உரிகிறது. பரு அதன் இடத்தில் அப்படியே இருக்கிறது, மகராசியாக.

அம்மா அடுப்படியில் இருந்தாள். கோம்பைக்காரர்களுக்கும் விஷயம் தெரிந்துவிட்டது, முகூர்த்தம் மாறவில்லை என்றாள். நல்லது என்றேன். முடிச்சு நான்தான் போடுவேன் என்றேன்.

"முகம் தெளிஞ்சா போடுன்னு சொன்னேன். இதுக்கு மைக்கு வச்சு ஊரெல்லாம் சொல்லியாச்சு. அவக மூஞ்சியச் சுளிச்சா நான் என்ன செய்யட்டும்?"

"சுளிக்கட்டும்மா. மூணு முடிச்சுல ரெண்டு என்னுது. நீ பெத்து வச்ச முகந்தான் இது, நான் வெலைக்கு வாங்கல."

 பெண்ணுக்குத் தைத்த ரவிக்கைகளைப் பிரித்துக் காட்டினேன். ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தாள். சம்மதம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அவள் இப்படித்தான். கடைசி பஸ்ஸுக்குக் கிளம்பும்போது தலையில் பூவை வைத்துவிட்டாள்.

4-9-76

ஒன்றும் தடவவில்லை. தண்ணீர் மட்டும்.

6-9-76, திங்கள்

போட்டுவிட்டேன்.

நேற்று மண்டபத்தில் சுருளியம்மாள் பட்டுக் கட்டிக்கொண்டு பெண்ணுக்குப் பின்னால் விளக்கோடு நின்றாள். அம்மாதான் நிறுத்தியிருக்கிறாள்.  மேளக்காரர் கெட்டிமேளத்துக்குத் தயாராகிறார், போட்டோக்காரர் பெஞ்சு மேல் ஏறுகிறார். நான் முன்வரிசையிலிருந்து எழுந்து மேடை ஏறினேன். வழியில் காலை மிதித்ததற்கு யாரோ முனகினார்கள். சுருளியம்மாள் என்னைப் பார்த்ததும் ஒதுங்கிக்கொண்டாள்.

"வாக்கா. எண்ணெ வழிஞ்சு கையெல்லாம் சுடுது. எப்ப வருவேன்னு பாத்துக்கிட்டே இருந்தேன்."

விளக்கை நீயே வைத்துக்கொள், முடிச்சு என்னுடையது என்றேன்.

தம்பி முதல் முடிச்சைப் போட்டான். அவனுக்கு நூல் வழுக்கியது, எனக்கு வழுக்கவில்லை. தினம் நூல் முடிகிற கை. இரண்டு முடிச்சும் இறுக்கிப் போட்டேன். பளிச்சென்று போட்டோ வெளிச்சம் என் முகத்தில் அடித்தது. முகத்தைத் திருப்பவில்லை. வீரலட்சுமி குனிந்தபடியே, "ரவிக்கை ரொம்ப நல்லா இருக்கு மதினி" என்றாள். அக்குளில் இறுக்கவில்லை என்றும் சொன்னாள். தாலி ஏறுகிற நேரத்தில் பேசுகிற பேச்சா! எனக்கு அவளைப் பிடித்துவிட்டது.

கோம்பைக்காரர்கள் ஒருத்தரும் சுளிக்கவில்லையா? ஒரு அம்மாள் சுளித்தாள். பார்த்தேன். சாப்பாட்டுப் பந்தியில் அவளுக்கு நானே போய் இரண்டாவது தடவை பாயசம் ஊற்றினேன்.

அம்மா தூணுக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள். என்ன நினைத்தாள் என்று தெரியவில்லை.

10-10-76, ஞாயிறு

தீபாவளித் துணி குவிந்து கிடக்கிறது. அதை விட்டுவிட்டு ஸ்டுடியோவுக்குப் போனேன். படம் ரெடி என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

முடிச்சுப் போடுகிற படம். தம்பி இருக்கிறான், வீரலட்சுமி இருக்கிறாள், விளக்கோடு சுருளியம்மாள். நடுவில் ஒரு பெண். வழித்துவிட்ட மாவு மாதிரி முகம். போட்டோக்காரர் பெருமையாக, பென்சில் வைத்து நெகட்டிவில் எல்லாவற்றையும் மறைத்துவிட்டதாகச் சொன்னார். தனியாகக் காசு வேண்டாமாம்.

இது யாரு என்று கேட்டேன். நீங்கள்தான் அக்கா என்றார். நான் இல்லை என்றேன். இவ்வளவு பாடுபட்டு மேடை ஏறியவள் நான். முடிச்சை வேறு எவளோ போட்ட மாதிரி இருக்கிறதே. பென்சிலைத் துடைத்துவிட்டு மறுபடி போடச் சொன்னேன். இத்தனை வருஷத்தில் யாரும் இப்படிக் கேட்டதில்லை என்று தலையைச் சொறிந்தார். துடைத்தால் நெற்றி, தாடை எல்லாம் தெரியும் என்று எச்சரித்தார். தெரியட்டும் என்றேன்.

17-10-76, ஞாயிறு

புதுப் படம் வந்துவிட்டது. எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கிறது. நெற்றியில் உரிந்த தோல்கூடத் தெரிகிறது.

மத்தியானம் அம்மா வந்தாள். தையல் மெஷின் மேல் இருந்த படத்தை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தாள். நான் மிதிப்பதை நிறுத்தவில்லை. வெகு நேரம் பார்த்தாள். விரலால் என் முகத்தைத் தொட்டுப் பார்த்தாள், படத்தில்.

"முடிச்சு நல்லா விழுந்திருக்கு" என்றாள்.

ஆமாம் என்றேன்.

பழைய படமும் மேஜையில்தான் கிடந்தது. மாவு முகத்தோடு. அதையும் எடுத்துப் பார்த்துவிட்டுக் கவிழ்த்து வைத்தாள்.

"சிலமலை வீட்டுல மாட்ட ஒன்னு போடச் சொல்லு. இந்தா, இந்த மாதிரி."